வாவியின் ஒலியைக் கேட்ட ஐரிஷ் பாரிஸ்டர்

1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஒருநாள், நிலவு எழுந்த பின்னர், மட்டக்களப்புக் கோட்டை வாசலை அடுத்த துறையிலிருந்து ஒரு தோணி புறப்பட்டது. மீனவரோடு அதில் அமர்ந்திருந்தவர் இலங்கை அரசாங்கத்தின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனென்ட். வாவியின் அடியிலிருந்து இன்னிசை எழுகின்றதென்னும் பேச்சு அவர் செவிக்கு எட்டியிருந்தது. அதனை நேரிற் கேட்டறிய விரும்பினார்.

தெனென்ட் 1804இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் வணிகர் குடும்பமொன்றிற் பிறந்தவர். டப்ளினிற் பயின்றார். இளவயதிலேயே கிரேக்கரின் விடுதலைப் போரைக் காணச் சென்று, அந்நாட்டைப்பற்றி நூல்கள் எழுதினார். 1831இல் இலண்டன் லிங்கன்ஸ் இன்னிற் பாரிஸ்டரானார். எனினும் வழக்காடி வாழ்ந்தவரல்லர். பாராளுமன்றம் அவரை ஈர்த்தது; 1845இல் இலங்கைப் பதவி கிடைத்தது. கற்ற சட்டம் வீணாயிற்றோவெனின், வாவியில் அவர் நடந்துகொண்ட முறையே விடை கூறும்.

துறைக்கு வடகிழக்கே ஏறக்குறைய 200 யார் தூரத்திற் காற்றில்லை, அலையில்லை. துடுப்பின் ஓசையும் அடங்கியபோது நீரினின்று ஒலி எழுந்தது. ஈர விரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் மெல்லொலிக்கு அதனை அவர் ஒப்பிட்டார். அது நீண்ட ஒரே சுரமன்று. உச்சமும் மந்தமுமாகத் தனித்தனியே தெளிவாய்க் கேட்கும் பல நுண்ணொலிகளின் கூட்டம். அவர் வியந்து நின்றுவிடவில்லை. தோணியின் மரப்பலகையிற் காதை வைத்தார், ஒலி பெருகிற்று. தோணியை அப்பாற் செலுத்துவித்தார்; ஒலி மறைந்தது. மீண்டும் அவ்விடத்திற்கே வந்தார், ஒலி மீண்டது. ஆகவே ஒலி செய்வது ஓடித்திரியும் மீனாகாது, ஓரிடத்திற் பொருந்தியிருக்கும் உயிராகலாம் எனக் கருதினார். மீனவர் அவருக்குக் காட்டியதும் ஓர் ஊரியையே. அழும் ஊரி என்னும் பொருள்படத் தமிழில் அதற்கு ஒரு பெயருமிருந்தது. அவர்கள் கூற்றைப் பாமரர் கதையென்று தள்ளாது, சாட்சியமாக ஏற்று ஆராய்ந்தமை பாராட்டத்தக்கது.

இத்தகைய பொறுமையை அவர் ஆட்சியிற் காட்டினாரா என்பது வேறு வினா. அதே ஆண்டு ஜூலை மாதத்தில் மாத்தளைப் பகுதியிற் கிளர்ச்சி மூண்டது. நாய்க்கும் துவக்கிற்கும் கடைக்கும் விதித்த வரிகள் மக்களைக் கொதிப்படையச் செய்தன. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். வாவியில் தெனென்ட் இசை கேட்டபோது மலைநாட்டில் இராணுவச் சட்டம் நீங்கியிருக்கவில்லை. வரிக்கொள்கையை மாற்றுமாறு அறிக்கை எழுதியவர்களுள் அவர் முதன்மையானவர். தேசாதிபதி டொரிங்டனின் கடுமையை அவர் தடுத்தாரில்லை. பிரித்தானியப் பாராளுமன்றக் குழு இவற்றை விசாரித்தது. 1850இல் இருவரும் இலங்கைப் பதவியை இழந்தனர். அவருக்கென அறிவிக்கப்பட்ட சென் ஹெலினாத் தேசாதிபதி பதவியையும் அவர் ஏற்கச் செல்லவில்லை.

அதன் பின்னரே அவர் எழுத்து முதிர்ந்தது. 1859இல் இலங்கையைப்பற்றிய இரு பாகப் பெருநூல் வெளிவந்தது. வரலாறு, தாவரம், விலங்கு, குளங்கள், யானை பிடித்தல் யாவும் அதில் அடங்கும். 1860ஆம் ஆண்டிற்குள் ஐந்து பதிப்புகள் கண்டது. மட்டக்களப்பு வாவியின் ஒலியை ஐரோப்பிய வாசகர் பலரும் அறிந்தது அந்நூலாலேயாம். நாவலாசிரியர் டிக்கன்ஸ் அவருக்கு நண்பர். 1865இல் தம் நூலொன்றை அவருக்கே உரிமையாக்கினார். தெனென்ட் 1869இல் இலண்டனிற் காலமானார்.

அவருடைய ஊரிக் கருத்து முடிந்த முடிபாகவில்லை. மீனே என்பாரும் ஊரியே என்பாரும் இன்றுமுளர். அவ்விசையை நீரரமகளிரின் பாடலாகக் கண்டு, 1947இல் வெளிவந்த யாழ்நூலில் அமைத்தார் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள். தெனென்டின் நூலிலோ அழும் ஊரியின் தமிழ்ப்பெயர் ஆங்கில எழுத்திற் சிதைந்து நிற்கின்றது. அதனைச் சொல்லிக்கொடுத்த மீனவர் எவரின் பெயரும் அங்கே இல்லை.