குலுக்குச் சீட்டும் நில இலாபமும்



குலுக்குச் சீட்டுப் பரிசுக்கு வருமான வரி இல்லை என மகிழ்கிறோம். ஆனால், சீட்டு நடத்தும் நிறுவனத்திடம் அரசாங்கம் வரி பெற்றுவிடுகிறது. அதுவும் நாம் கட்டிய வெள்ளியே.

நில இலாபம் வேறு. 1950களிலும் 1960களிலும் தோட்டங்களை வாங்கித் துண்டாடி விற்றோர் இலாபம் கண்டனர். தொழிலாளர் பலர் வேலையும் குடியிருப்பும் இழந்தனர். 1974இல் நில ஊக வாணிப வரிச் சட்டம் பிறந்தது. அதனிடத்தில் வந்ததே 1976ஆம் ஆண்டின் நில இலாப வரிச் சட்டம்.

இன்று மலேசியக் குடிமக்கள் மூன்றாண்டுக்குள் விற்றால் வரிக்குரிய இலாபத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டு முதல் வரியில்லை. குடியிருப்பு வீடு ஒன்றுக்கு வாழ்நாளில் ஒருமுறை விலக்குண்டு.

ஆகவே, சேமித்து வாங்கிய மனையை அவசரத்தில் விற்காதிருப்போம். வழக்கறிஞர் கட்டணம், கட்டடச் செலவு ஆகியவற்றின் இரசீதுகளைக் காத்து வைப்போம். அவை இலாபக் கணக்கில் கழிவாகும்.