குறைந்த பொருளில் உயரப் பறத்தல்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்கு உழைத்துவரும் இச்சங்கத்தின் விழாவில் பேச வாய்ப்பளித்தமைக்கு நன்றி கூறுகிறோம். கல்வியின் பெருமையை நமக்கு முன் பேசியவர்கள் நன்கு எடுத்துரைத்தார்கள். நாம் ராக்கெட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கல்விச் சங்கத்தில் ராக்கெட்டுக்கு என்ன வேலை என்று எண்ண வேண்டாம், காரணத்தைக் கூறிவிடுகிறோம்.

2023 ஆகஸ்டு 23 அன்று மாலை, சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை நம் பள்ளிப் பிள்ளைகளுடன் அமர்ந்து பார்த்தோம். மறுநாள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் நம் அறை வாயிலில் வந்து நின்றான். "ஐயா, ராக்கெட் விடணும்னா பணக்காரனா இருக்கணுமா?" என்று கேட்டான். நாம் படித்தது பி.ஏ., பி.எட்.; கற்பிப்பது வரலாறு. பௌதிகம் நமக்குப் பாடமன்று. ஆகவே, படித்துப் பார்த்துச் சொல்வதாகக் கூறி அனுப்பினோம். அவ்வாறு படித்தறிந்ததையே இங்கு உங்கள் முன் வைக்கிறோம்.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் முதல் செயற்கைக் கோளை ஏவியது. அக்காலத்தில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்துக் கோல்வுட் என்னும் சிற்றூருக்கு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றே பிழைப்பு. வீடும் கடையும் கம்பெனிக்குச் சொந்தம். அங்குப் பிறந்த ஆண்பிள்ளை வளர்ந்து சுரங்கத்தில் இறங்குவான் என்பது எழுதாத சட்டம். தந்தை செய்த தொழிலையே மகனும் செய்ய வேண்டும் என்னும் சட்டம் எத்தகையது என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

அவ்வூரில் ஹோமர் ஹிக்கம் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன், ஸ்புட்னிக் தன் ஊர் வானத்தைக் கடந்து செல்வதைக் கண்டான். தானும் ராக்கெட் செய்வதென முடிவு செய்தான். அவன் தந்தை சுரங்க மேற்பார்வையாளர். உடன் சேர்ந்த நண்பர்களோ பெரும்பாலும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். முதல் முயற்சியில் அவன் தாயாரின் தோட்ட வேலி சிதறிப் போயிற்று. அடுத்துச் செய்தவற்றுக்கு 'ஆக்' என்று பெயரிட்டார்கள். அது பறக்க இயலாத, அழிந்துபோன ஒரு கடற்பறவையின் பெயர். முதல் 'ஆக்' ஆறடி எழும்பியது. பற்றவைத்த இடம் உருகிக் கீழே விழுந்தது.

ஏன் உருகிற்று என்று அப்பிள்ளைகள் ஆராய்ந்தார்கள். பழைய இரும்புக் குழாய்களைத் தோண்டி விற்றுப் பணம் திரட்ட முயன்றார்கள். சுரங்கப் பட்டறைத் தொழிலாளர்கள் இரும்பைக் கடைந்து உதவினார்கள். பிரீடா ரைலி என்னும் இளம் ஆசிரியை ராக்கெட் அமைப்பைப் பற்றிய நூல் ஒன்றைத் தேடிக் கொடுத்தார். அந்நூலைப் படிக்க நுண்கணிதம் வேண்டும். வகுப்பில் ஹிக்கமுக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் தாமே புத்தகம் வைத்துக் கற்றார். வாயு வெளியேறும் வாய் முதலில் குறுகிப் பின் விரிய வேண்டும், அப்போதுதான் வாயு ஒலியினும் விரைந்து பாயும் என்பதைக் கணக்கிட்டு, அதற்கேற்ப இரும்பைக் கடையச் செய்தார்கள்.

1960 ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த தேசிய விஞ்ஞானக் கண்காட்சியில் அவர்கள் முயற்சிக்கு விருது கிடைத்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் அவர்களின் கடைசி ராக்கெட் ஏறத்தாழ 31,000 அடி உயரம் சென்றது. ஆறடியில் தொடங்கியவர்கள் மூன்றாண்டுக்குள் அவ்வுயரத்தை எட்டினார்கள். ஹிக்கம் பின்னாளில் நாசா நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றினார். 1998 இல் தம் இளமைக் கதையை நூலாக எழுதினார். ரைலி அம்மையாரோ 1969 இல், 31 வயதிலேயே, புற்றுநோயால் மறைந்தார். ஆசிரியர் கொடுத்த ஒரு நூல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

இளைஞர்களே, இக்கதையைக் கேட்டு எவரும் வீட்டில் மருந்து கலக்கப் புறப்பட்டுவிடக் கூடாது. அதே ஆண்டுகளில் அவ்வாறு செய்து விரலையும் கண்ணையும் இழந்த அமெரிக்கச் சிறுவர்கள் பலர், உயிரிழந்தோரும் உண்டு. கோல்வுட் பிள்ளைகள் தப்பியது நற்பேறு என்றே கூற வேண்டும்.

இந்த ஆபத்துக்கு மாற்று வழி கண்டவர் பெரிய விஞ்ஞானி அல்லர். நெபிராஸ்கா மாநிலத்தில் காலணிக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர் 1954 இல் காகித உடலும், மெல்லிய மரத் துடுப்புகளும், மாற்றிப் பொருத்தக்கூடிய சிறு எஞ்சினும் கொண்ட ராக்கெட்டை அமைத்தார். ஹாரி ஸ்டைன் என்னும் ராக்கெட் துறையாளர் 1957 முதல் அதை நாடெங்கும் பரப்பினார். மருந்தைக் கையால் கலக்காதே. சோதித்து விற்கப்படும் எஞ்சினையே வாங்கு. உலோக உடல் வேண்டாம். விலகி நின்று மின்சாரத்தால் பற்றவை. இவையே அம்முறையின் அடிப்படை விதிகள்.

அவ்வழியில் வளர்ந்ததே இன்று அந்நாட்டில் பொழுதுபோக்காகப் பயிலப்படும் உயர்திறன் ராக்கெட். எஞ்சின்களை ஆங்கில எழுத்துகளால் வகைப்படுத்துகிறார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஆற்றலின் மேல்வரம்பு இருமடங்காகும். மொத்த உந்துதல் 160 நியூட்டன்-வினாடியைக் கடந்தால் அது 'எச்' வகை. உயர்திறன் அங்குத் தொடங்குகிறது. அதை விடுவதற்குக் கழகத்தின் சான்றிதழ் வேண்டும். முதல் நிலைத் தேர்வில் தாமே கட்டிய ராக்கெட்டை விட்டுக் காட்ட வேண்டும். எவ்வளவு உயரம் போயிற்று என்பது அதில் கணக்கன்று. பாராசூட் விரிந்து, உடையாமல், மீண்டும் பறக்கத்தக்க நிலையில் தரைக்கு வந்து சேர்ந்ததா என்பதே தேர்வு.

இனி, அம்மாணவன் கேட்ட பணத்தைப் பற்றிக் கூறுவோம். குறைந்த பொருளுடையோர் இதை எவ்வாறு நடத்துகிறார்கள் என்று பார்த்தால் மூன்று வழிகள் தெரிகின்றன.

முதலாவது, பணத்துக்குப் பதிலாக உழைப்பு. உடலுக்குத் தடித்த அட்டைக் குழாய் போதும். துடுப்புகளை ஒட்டுப்பலகையில் அறுத்து, தேய்த்து, எபாக்சிப் பசையால் ஒட்டலாம். பாராசூட்டை நைலான் துணியில் வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே தைக்கலாம். நேராகப் பறப்பதற்கு, ராக்கெட்டின் எடை சமன்படும் புள்ளி, காற்றழுத்தம் தாக்கும் மையத்துக்கு முன்னால், குறைந்தது உடல் குறுக்களவு தூரமாவது இருக்க வேண்டும். அம்மையத்தைக் கணக்கிடும் முறையை ஜேம்ஸ் பாரோமன் 1966 இல் வகுத்தளித்தார். பின்லாந்து மாணவர் ஒருவர் 2009 இல் தம் பட்ட ஆய்வுக்காக உருவாக்கிய 'ஓப்பன் ராக்கெட்' என்னும் கணினி நிரல் இக்கணக்கை இலவசமாகவே செய்து தருகிறது.

இரண்டாவது, தனி உடைமைக்குப் பதிலாகப் பொது உடைமை. ஏவுதளத் தண்டவாளம், மின்கருவி, திடல், விமானத் துறையின் அனுமதி ஆகியவற்றைத் தனியொருவர் தேட வேண்டுமானால் இயலாது. கழகம் அவற்றை எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கிறது. எஞ்சினின் அலுமினிய உறையை ஒருவர் வாங்கி மற்றவருக்கு இரவல் தருகிறார். மருந்துக் கட்டையை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்குகிறார்கள்.

மூன்றாவது, எதிற் குறைக்கலாகாது என்னும் தெளிவு. எஞ்சினில் சிக்கனம் இல்லை. பாராசூட்டை உடலோடு பிணைக்கும் கயிற்றில் சிக்கனம் இல்லை. எச் வகைக்கு மக்கள் குறைந்தது 100 அடி விலகி நிற்க வேண்டும். அதில் ஓர் அடியும் குறைக்கக் கூடாது. ஏவுமுன் ஒவ்வொன்றையும் பட்டியல் வைத்துச் சரிபார்ப்பதிலும் நேரத்தை மிச்சம் பிடிக்கலாகாது. வண்ணம் பூசாத ராக்கெட் பறக்கும். கயிறு அறுந்த ராக்கெட் தலைகீழாக மண்ணில் புதையும்.

நம் நாட்டில் வெடிபொருளைச் செய்யவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். ஆகவே மருந்துப் பக்கம் நம் பிள்ளைகள் செல்ல வேண்டாம். நம் மாணவனுக்கு நாம் காட்டிய வழி வேறு. பழைய குளிர்பானப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, அட்டைத் துடுப்பு ஒட்டி, சைக்கிள் பம்பினால் காற்றடித்து, விஞ்ஞான ஆசிரியர் உடனிருக்க, எல்லோரும் விலகி நின்று ஏவினோம். கோணமானியில் நூலும் கல்லும் கட்டி உயரம் அளந்தோம். முப்பது மீட்டர் தள்ளி நின்றவன், உச்சியை 45 பாகையில் கண்டால், அவன் கண்மட்டத்திலிருந்து உயரமும் முப்பது மீட்டர். புத்தகத்தில் அஞ்சிய திரிகோண கணிதம் அன்று திடலில் அவர்களுக்கு உறவாயிற்று.

முன்பு நாம் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஆய்வுக்கூடம் ஆண்டு முழுதும் பூட்டியே கிடந்தது. பிள்ளைகள் கண்ணாடியை உடைத்துவிடுவார்கள் என்றார்கள். எந்தத் தெருப் பிள்ளைகளைக் குறித்து அப்படிச் சொன்னார்கள் என்பதை இங்குள்ளோர் அறிவீர்கள். நாமும் அன்று இளம் ஆசிரியராகையால் வாய் திறவாது இருந்துவிட்டோம். அந்த மௌனம் இன்றும் நம் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. உடைந்த குடுவைக்கு விலை உண்டு. தொடாமற் போன கைக்கு எவர் விலை தருவார்?

ஆதலால் சங்கத்தாருக்கு நம் வேண்டுகோள் இதுவே. விழாவில், அலங்காரத்தில், கட்டடத்தின் வண்ணத்தில் குறைத்துக்கொள்வோம். நூல், ஆய்வுக் கருவி, நல்ல ஆசிரியர் ஆகிய மூன்றிலும் குறைக்க வேண்டாம். இம்மூன்றும் நம் எஞ்சினும் கயிறும் ஆகும்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். நீங்கள் உயரப் போவீர்கள். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தேர்வின் விதியை மறவாதீர்கள். உயர்ந்தது மட்டும் தேர்ச்சியன்று. திரும்பி வந்து, அடுத்த பிள்ளைக்குக் கருவியை இரவல் தந்து, ஏவுதளத்தில் அவனுக்குத் துணை நின்றால்தான் தேர்ச்சி.

அம்மாணவனுக்கு நாம் சொன்ன பதிலோடு முடிக்கிறோம்: "பணக்காரனா இருக்க வேண்டாம் தம்பி. கணக்குப் போடணும், கூட்டாளி வேணும், அவசரப்படக் கூடாது."