ஓய்வு வயது உயர்வு: யாருக்கு லாபம்? யாருக்குச் சுமை?

(தொண்டர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை உயர்த்துவது நியாயமா, அரசின் கருவூலம் அதைத் தாங்குமா என்ற தலைப்பில் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். இது அரசு ஊழியர்களின் பிரச்சினைதானே, நமக்கு என்ன என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பவர்களுக்காக எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020 மே 7. கொரோனா ஊரடங்கு நேரம். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆகிறது என்று அன்று அறிவிப்பு வந்தது. அந்த வீட்டின் தந்தை ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். மே 31-ல் ஓய்வு பெற வேண்டியவர். மகனோ பட்டம் பெற்று, மூன்று ஆண்டுகளாகத் தேர்வாணையத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவன். அந்தத் தந்தை என்னிடம் சொன்னார்: "எனக்கு ஒரு வருஷம் கூடக் கிடைத்தது என்று சந்தோஷப்படுவதா, என் பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விட்டதே என்று வருத்தப்படுவதா, தெரியவில்லை பாய்."

அடுத்த ஆண்டு, 2021 பிப்ரவரி 25-ல், சட்டமன்றத்தில் மீண்டும் ஓர் அறிவிப்பு. ஓய்வு வயது 60. அந்தத் தந்தைக்கு இன்னும் ஓர் ஆண்டு கூடியது. அந்த மகன் இன்னும் ஓர் ஆண்டு காத்திருந்தான். நாம் பேச வேண்டிய விஷயம் முழுவதும் அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

உயர்த்தச் சொல்பவர்களின் வாதம்

முதலில் எதிர்த்தரப்பு நியாயத்தை நேர்மையாகப் பார்ப்போம். இந்தியாவில் மனிதனின் சராசரி ஆயுள் 70-ஐத் தாண்டிவிட்டது. 58 வயதில் ஓர் ஆசிரியரோ கணக்கரோ உழைக்க முடியாதவராகிவிடுவதில்லை. மத்திய அரசு 1998-லேயே தன் ஊழியர்களுக்கு 60 என்று ஆக்கிவிட்டது. தமிழகத்திலேயே அடிப்படைப் பணியாளர்களுக்கு முன்பிருந்தே 60தான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து, முப்பத்தைந்து வயதுக்கு மேல் பணியில் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும் என்ற விதி இருக்கும்போது, அவர்களுக்கு இரண்டு ஆண்டு என்பது பெரிய உதவி. இதையெல்லாம் மறுப்பது நியாயமாகாது. 60 என்ற எண் பாவமான எண் அல்ல.

ஆனால், எந்த நோக்கத்தில் உயர்த்தினார்கள், எப்படி உயர்த்தினார்கள், அதன் சுமையை யார் தலையில் வைத்தார்கள் என்பதைச் சிந்திக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

மிச்சமா, தள்ளிவைப்பா?

ஊரடங்கில் அரசின் வருவாய் படுத்துவிட்டது. 2020 ஏப்ரல் இறுதியில் அகவிலைப்படி உயர்வை நிறுத்திவைத்தார்கள். ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறுவதையும் ஓராண்டுக்கு நிறுத்தினார்கள். அதற்குப் பத்து நாள் கழித்து வந்ததுதான் ஓய்வு வயது அறிவிப்பு. ஓர் ஊழியர் ஓய்வு பெறும் நாளில் பணிக்கொடை, தொகுத்துப் பெறும் ஓய்வூதியம், மீதமுள்ள விடுப்புக்கான சம்பளம் என்று பெரும் தொகையை அரசு மொத்தமாகக் கொடுக்க வேண்டும். ஓய்வை ஓராண்டு தள்ளினால் அந்தத் தொகையும் ஓராண்டு தள்ளிப்போகும்.

கவனியுங்கள். தள்ளித்தான் போகும், தள்ளுபடி ஆகாது. கடைக்காரரிடம், "இந்த மாதம் கையில் இல்லை, அடுத்த மாதம் தருகிறேன்" என்று சொல்பவன் மிச்சம் பிடித்தவன் ஆகமாட்டான். கடன் அப்படியேதான் இருக்கும்.

இதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். எளிமைக்காக அகவிலைப்படியை விட்டுவிடுவோம். அந்தக் கண்காணிப்பாளரின் அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஓய்வு பெற்றால், பழைய திட்டப்படி பாதி, அதாவது 30,000 ரூபாய் ஓய்வூதியம். அவர் இடத்துக்குக் கீழே உள்ளவர் பதவி உயர்வு பெறுவார். அப்படி ஒவ்வொருவராக மேலே போகும்போது கடைசியில் அடிமட்டத்தில் ஓர் இடம் காலியாகும். அங்கே இளநிலை உதவியாளராக ஓர் இளைஞன் வருகிறான். 2017-ல் திருத்தப்பட்ட ஊதிய விகிதப்படி அவன் தொடக்கச் சம்பளம் 19,500. இரண்டையும் கூட்டினால் 49,500. இடையில் பதவி உயர்வு பெறுபவர்களுக்குச் சில ஆயிரம் கூடும். அதையும் சேர்த்தால்கூட, பெரியவரையே வைத்துக்கொண்டு 60,000 கொடுப்பதைவிட மாதச் செலவு கூடிவிடப் போவதில்லை. பல இடங்களில் குறையவே செய்யும்.

இன்னொன்றும் உண்டு. கூடுதலாகப் பணியாற்றும் இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 3 சதவீதம் ஊதிய உயர்வு சேரும். 60,000 என்பது ஏறக்குறைய 63,650 ஆகும். அதன் பாதி ஓய்வூதியமும் ஆயுள் முழுவதும் அந்த அளவுக்குக் கூடும். பணிக்கொடையும் கூடும். ஓய்வூதியம் வாங்கும் காலம் இரண்டு ஆண்டு குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு ஆண்டும் ஓய்வூதியத்தைப் போல இரு மடங்கு சம்பளமாகப் போகிறது என்பதும் உண்மை.

அப்படியானால் அரசுக்கு மிச்சம் எப்போது? காலியாகும் இடத்தை நிரப்பாமலே விட்டால்தான் மிச்சம். அந்த மிச்சம் வேலை கிடைக்காத இளைஞனின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது.

இளைஞன் இழந்தது என்ன?

58 வயதில் ஓய்வு பெற வேண்டியவர்களில், 2020 மே மாதத்திலிருந்து 2022 மே வரை வயதின் காரணமாக வீட்டுக்குப் போனவர் ஏறக்குறைய இல்லை. வழக்கமாக மாதந்தோறும் திறக்கும் கதவு இரண்டு ஆண்டுகள் திறக்கவில்லை. 2019 செப்டம்பரில் குரூப் 4 தேர்வு நடந்தது. அடுத்த குரூப் 4 தேர்வு 2022 ஜூலையில்தான் நடந்தது. இதற்கு நோய்த்தொற்றும் ஒரு காரணம், எல்லாப் பழியையும் ஓய்வு வயதின் மீது போட நான் விரும்பவில்லை. ஆனால் 2022-ல் அந்தத் தேர்வு அறிவிக்கப்பட்டபோது என்ன நடந்தது? 7,301 இடங்களுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஓர் இடத்துக்கு 300 பேர்!

இளைஞர்களின் காலம் வீணானதை அரசே ஒப்புக்கொண்டது. 2021 செப்டம்பரில் நேரடி நியமனத்துக்கான வயது வரம்பை 2 ஆண்டு உயர்த்தியது. நல்ல முடிவுதான். ஆனால் வரம்பை உயர்த்தலாம், வயதைத் திருப்பித் தர முடியுமா? 27 வயதில் வேலைக்குப் போக வேண்டியவன் 30 வயதில் போனால், அந்த மூன்று ஆண்டுச் சம்பளமும் பணி மூப்பும் எங்கே போயின? அதுவரை தள்ளிப்போன திருமணத்துக்கும், தங்கையின் கல்யாணக் கடனுக்கு ஏறிய வட்டிக்கும் யார் பொறுப்பு?

இட ஒதுக்கீட்டுக்காகப் பாடுபட்ட சமுதாயம் இதை மேலும் கூர்ந்து பார்க்க வேண்டும். தமிழகத்தில் 69 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குள் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் 2007-ல் கிடைத்தது. சதவீதம் என்பது காலியிடத்தின் மீதுதான் கணக்கிடப்படுகிறது. காலியிடமே அறிவிக்கப்படாவிட்டால் 3.5 சதவீதமும் பூஜ்யம், 69 சதவீதமும் பூஜ்யம்தான். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் என எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

அண்டை மாநிலங்களைப் பாருங்கள். ஆந்திரம் 2022-ல் 60-ஐ 62 ஆக்கியது. கேரளத்தில் 2022 அக்டோபர் இறுதியில் பொதுத்துறை நிறுவனங்களில் ஓய்வு வயதை 60 ஆக்கி ஆணை வந்தது. ஆளும் அணியின் இளைஞர் அமைப்புகளே எதிர்த்தன. சில நாட்களிலேயே அரசு அந்த ஆணையை நிறுத்திவைத்தது. இளைஞர்கள் கேட்டால் நடக்கும் என்பதற்கு இது சான்று.

மேல்நாட்டு உதாரணம் நமக்குப் பொருந்துமா?

மேல்நாடுகளில் எல்லாம் உயர்த்துகிறார்களே என்று ஒரு வாதம் வரும். பிரிட்டனில் பெண்களின் ஓய்வூதிய வயது 60-லிருந்து 65-க்கு 2018-ல் வந்து சேர்ந்தது. 2020-ல் ஆண், பெண் இருபாலருக்கும் 66 ஆனது. ஆனால் அங்கே உயர்ந்தது அரசு ஊழியருக்கான வயது மட்டுமல்ல. காப்பீட்டுச் சந்தா செலுத்திய கடை ஊழியர், ஓட்டுநர், துப்புரவுத் தொழிலாளி எல்லோருக்கும் அரசு ஓய்வூதியம் தரும் நாடு அது. அதற்கான சட்டத்தை 1995-லேயே இயற்றினார்கள். அப்படியிருந்தும், எங்களுக்கு முறையாகத் தகவல் சொல்லவில்லை என்று 1950-களில் பிறந்த பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். இங்கே மே 31-ல் ஓய்வு பெற வேண்டியவருக்கு மே 7-ல் சொன்னார்கள். 24 நாள் அவகாசம். தேர்வுக்குக் காத்திருந்தவனுக்கு ஒரு நாள் அவகாசம்கூட இல்லை.

ஓய்வே இல்லாதவர்கள்

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் குடியாத்தத்திலும் பீடி சுற்றும் நம் தாய்மார்களுக்கு ஓய்வு வயது எது? ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் உழைப்பவர்களுக்கு? சித்தாளுக்கு, நெசவாளிக்கு, மீனவருக்கு? கை ஓயும்வரை உழைப்பு. கை ஓய்ந்தபின் யார் ஆதரவு?

வருங்கால வைப்பு நிதியில் பதிவு பெற்ற தொழிலாளிக்கு 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. 2014-ல் அதன் குறைந்தபட்சத் தொகையை மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். பதிவே இல்லாமல் ஒப்பந்தக்காரரிடம் பீடி சுற்றிக் கொடுப்பவருக்கு அதுவும் கிடையாது. ஆதரவற்ற முதியோருக்கு 60 வயதில் உதவித் தொகை. தமிழக அரசு அதை 2023-ல் 1,000-லிருந்து 1,200 ஆக உயர்த்தியது. இதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். 2006-ல் வைத்த அந்த 200, பதினைந்து ஆண்டுக்கு மேல் அங்கேயே நின்றது.

விலைவாசி உயர்ந்தால் அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் ஆண்டுக்கு இரு முறை அகவிலைப்படி கணக்கிடப்படுகிறது. அது அவர்கள் போராடிப் பெற்ற உரிமை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதே கடையில் அதே விலைக்கு அரிசி வாங்கும் அந்த மூதாட்டியின் உதவித் தொகைக்கு அகவிலைப்படி இல்லையே, ஏன்? 2021-ல் தமிழக மக்கள் தொகையில் 60 வயதைக் கடந்தோர் ஏறக்குறைய 13.6 சதவீதம். இது இன்னும் கூடும். முதுமைக்கு நாடு என்ன வைத்திருக்கிறது என்ற கேள்விக்கு, ஒரு பிரிவு ஊழியரின் ஓய்வு வயதை மட்டும் மாற்றிவிட்டுப் பதில் சொல்லிவிட்டதாக அரசு நினைக்கக் கூடாது.

நாம் கேட்க வேண்டியவை

சகோதரர்களே! அரசு ஊழியர்கள் நம் எதிரிகள் அல்லர். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களைப் பழைய ஓய்வூதியத் திட்டத்திலிருந்து வெளியே நிறுத்தியபோது அவர்களும் ஏமாற்றப்பட்டவர்கள்தான். தந்தையையும் மகனையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்க அரசுக்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது. நமது கோரிக்கைகள் இவை:

ஒன்று, 60-க்கு மேல் உயர்த்தும் பேச்சே வேண்டாம். எந்த மாற்றமானாலும் சில ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்து, சட்டமன்றத்தில் விவாதித்துச் செய்ய வேண்டும்.

இரண்டு, ஒவ்வோர் ஆண்டும் ஓய்வு பெறுவோர் எத்தனை, நிரப்பப்பட்ட இடங்கள் எத்தனை என்று துறைவாரியாக அரசு வெளியிட வேண்டும்.

மூன்று, ஓய்வுகாலப் பலன்களுக்கென்று ஆண்டுதோறும் தனி நிதி ஒதுக்கிச் சேர்க்க வேண்டும். ஒருவர் எந்த ஆண்டு ஓய்வு பெறுவார் என்பது அவர் பணியில் சேரும் நாளிலேயே தெரிந்த விஷயம். திடீர்ச் செலவு என்று சொல்ல முடியாது.

நான்கு, உடல் உழைப்புப் பணிகளில் இருப்போர் விரும்பினால் 58-ல் முழுப் பலன்களோடு விலக வழி வேண்டும்.

ஐந்து, முதியோர் உதவித் தொகையை விலைவாசியோடு இணைக்க வேண்டும்.

அந்தத் தந்தை 2022-ல் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு தேர்வு எழுதிய 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் அவர் மகனும் ஒருவன். தேர்ச்சி பெறவில்லை. இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். தந்தையின் ஓய்வூதியத்தில்தான் வீட்டு வாடகை போகிறது. "வயசான காலத்தில் பிள்ளை என்னைத் தாங்குவான் என்றிருந்தேன், நான் அவனைத் தாங்குகிறேன் பாய்" என்றார் அவர். அடுத்த முறை ஓய்வு வயதைப் பற்றிக் கோட்டையில் யாராவது பேச்செடுத்தால், இந்த வீட்டையும் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்பது உங்கள் பொறுப்பு.