விலை: ஒரு கடிதம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில், பிறந்து செழித்துத் தேய்ந்த ஓர் இதழ் மரபைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அறிவியல் புனைகதை வாசகர்கள் தாமே நடத்திய சிற்றிதழ்களின் வரலாறு அது. சிற்றிதழின் சிரமம் அறிந்த உங்களுக்கு அது அயலாகத் தோன்றாது.

1926இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற இதழைத் தொடங்கினார். அதன் கடிதப் பகுதியில் வாசகர்களின் பெயரோடு முகவரியும் அச்சாயிற்று. அச்சிறு செயலின் விளைவு பெரிது. ஆசிரியருக்கு எழுதியவர்கள் ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினர், சங்கம் அமைத்தனர், 1930 மே மாதம் 'தி காமெட்' என்னும் இதழை வெளியிட்டனர். இம்மரபின் முதல் இதழாகக் கருதப்படுவது அதுவே. 'ஃபேன்சீன்' என்ற பெயர் 1940இல்தான் வழங்கலாயிற்று.

இவ்விதழ்கள் எளியவை. ஜெலட்டின் பரப்பிய தட்டில் ஊதா மையைப் பதித்து ஐம்பது படிகள் வரை எடுப்பார்கள். வசதி கூடினால் மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து சைக்ளோஸ்டைலில் உருட்டுவார்கள். பெல்ஃபாஸ்ட் நகரில் வால்ட் வில்லிஸ், 1948இல் தொடங்கிய 'ஸ்லாண்ட்' இதழுக்காகக் கையச்சு எந்திரத்தில் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்தார்.

இந்த ஏழைத் தாள்களில் வளர்ந்தவர்கள் பலர். ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1933இல் தம் இதழில் 'சூப்பர்மேன்' என்ற பெயரை முதலில் ஒரு தீயவனுக்குச் சூட்டினர். உலகறிந்த நாயகன் 1938இல்தான் வந்தான். ரே பிராட்பரி பதினெட்டு வயதில் 'ஃபியூச்சூரியா ஃபேன்டாசியா' இதழைத் தொடங்கி நான்கே இதழ்களோடு நிறுத்தினார். பின்னாளில் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் முதற்கதை 1937இல் இத்தகைய இதழொன்றில்தான் வெளிவந்தது.

பல இதழ்களைக் காசின்றியே பெறலாம். ஒரு படைப்பை, உங்கள் இதழின் ஒரு படியை, அல்லது படித்ததைப் பற்றிய ஒரு கடிதத்தை அனுப்பினால் போதும். மறுமொழி தராதவரின் பெயர் சில இதழ்களுக்குப் பின் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். வாசிப்பு அங்கே ஒரு கடன். கடிதமே அதன் விலை.

பின் ஏன் தேய்ந்தன? சுவைஞர் குறைந்தாரல்லர். 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக மாநாட்டுக்கு வந்தவர் ஏறத்தாழ 200 பேர். 1984இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தவரோ 8,000 பேருக்கு மேல். கூட்டம் பெருகிற்று; ஆயினும் எழுதாமலே சுவைஞராக இருக்கத் திரைப்படமும் தொலைக்காட்சியும் வழி திறந்தன. தாளும் தபாலும் விலையேறின. 1968இல் தொடங்கிய 'லோகஸ்' போன்றவை தொழில்முறை இதழ்களாயின. 1990களில் இணையம் வந்தபின் உரையாடல் அங்கே குடிபெயர்ந்தது. அதனால் பலருக்கு வாய் திறந்தது என்பதையும் மறுக்கலாகாது. ஆனால், ஒரு மாதம் காத்திருந்து, ஓர் இதழை முழுக்கப் படித்து, நான்கு பக்கம் எழுதும் பழக்கம் அருகிவிட்டது. ஐயோவா பல்கலைக்கழகம் நொறுங்கும் அப்பழைய இதழ்களை மின்வடிவில் காக்கும் பணியில் 2014இல் இறங்கியது. தாள்களைக் காக்கலாம், பதில் எழுதிய கைகளை நூலகம் எங்ஙனம் காக்கும்?

நண்பர்களே, நம் கூட்டங்களில் கவிதை படிக்கப்படுகிறது, கைதட்டுகிறோம், தேநீருக்கு எழுந்துவிடுகிறோம். நானும் அப்படி எழுந்தவனே. பத்தாண்டில் இங்கே கேட்ட கவிதைகளுள் எத்தனைக்கு ஒரு வரியேனும் எழுதித் தந்தேன் என்று எண்ணும்போது நாணுகிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இம்மலரில் உள்ள கவிதைகளில் ஒன்றைத் தேர்ந்து, அதில் உங்களைத் தொட்ட இடத்தையும் இடறிய இடத்தையும் குறித்து அக்கவிஞருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். என் அட்டையை இன்றிரவே எழுதிவிடுகிறேன்.