நடைபாதை யாருக்கு உரியது?

(நமது சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



 "நடைபாதையிலே சைக்கிள் ஓட்டுவது பாதசாரிகளுக்கு ஆபத்தாகுமா?" என்பது இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். தலைவர் அவர்கள் இதனை அறிவித்தபோது உங்களிற் சிலர் புன்னகை செய்ததைக் கண்டேன். கல்வி, தொழில், சமூகம் என்று பேசுவதற்கு எத்தனையோ பெரிய பொருள்கள் இருக்க, சைக்கிளையும் நடைபாதையையும் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டியதும் நாம் முதலிற் கால் வைக்கும் இடம் எதுவோ, அவ்விடத்தில் நாம் பிறரோடு எப்படி நடந்துகொள்கிறோம் என்பதே நம் பண்பாட்டுக்கு முதற் பரீட்சை என்பது என் எண்ணம்.

இப்பொருளைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதியும் உண்டு. அது பெருமைப்படத்தக்க தகுதியன்று. நானே ஒருமுறை நடைபாதையிற் சைக்கிளோட்டி ஒருவரை வீழ்த்தியவன்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. செட்டியார் தெருவிலே ஒரு கடையில் எடுபிடி வேலை. சாமான்களைச் சைக்கிளின் பின்புறத்திற் கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனை, ஆட்டுப்பட்டித் தெரு என்று எங்கும் கொண்டுபோய்க் கொடுப்பது என் கடமை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஜிந்துப்பிட்டித் தெரு வழியாக வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு லொறி மூட்டை இறக்கிக்கொண்டு நின்றது. பின்னால் ஒரு மோட்டார் வண்டி ஓயாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு நெருங்கியது. நான் பயந்து நடைபாதையில் ஏறினேன். பயந்து ஏறினேன் என்பது உண்மை. ஏறியபின் பயம் நீங்கி, வேகத்தைக் குறைக்காமலே போனேன் என்பதும் உண்மை.

கோவிலில் அர்ச்சனை முடித்துவந்த ஓர் ஆச்சி, வழியில் ஏதோ வாங்குவதற்கு ஒரு கடைக்குள் நுழைந்திருக்கிறார். அவர் கடை வாசலிலிருந்து வெளியே காலெடுத்து வைக்கவும் நான் அங்கே வரவும் சரியாக இருந்தது. மணியடிக்கவும் நேரமில்லை. சைக்கிளின் கைபிடி அவர் தோளிலே தட்டியது. அர்ச்சனைத் தட்டு ஒரு புறம், தேங்காய் மூடி ஒரு புறம், ஆச்சி ஒரு புறம், நான் ஒரு புறம். தரையிற் கிடந்தவாறே அவர் கேட்டார்: "தம்பி, உனக்கு அடி படவில்லையே?"

அவருடைய மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. சில வாரங்களில் அது பொருந்திவிட்டது. "நல்ல வேளை, பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை" என்று என் முதலாளி சொன்னார். என் தகப்பனாரும் சொன்னார். நானும் அப்படியே நம்பினேன். பல மாதங்களின் பின் அவருடைய பேத்தியைத் தெருவிலே கண்டு, "ஆச்சி சுகமா?" என்று விசாரித்தேன். "சுகந்தான் அண்ணா. ஆனால் இப்போது கோவிலுக்குப் போவதில்லை. தெருவில் இறங்கப் பயப்படுகிறா" என்றாள். எலும்பு பொருந்திற்று, நெஞ்சம் பொருந்தவில்லை. வெள்ளிதோறும் தனியே நடந்துபோய் வந்த ஒருவரை நான் வீட்டுக்குள் அடைத்துவிட்டேன். நான் செய்த சேதம் இன்னதென்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அன்பர்களே, இனிப் பொருளுக்கு வருவோம். நடைபாதைச் சைக்கிள் ஆபத்தா என்று கேட்டால், "எத்தனை பேர் இறந்தார்கள்?" என்று எதிர்க்கேள்வி கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. நம் நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் விபத்துகளில் மாளுகின்றனர். அவர்களிற் பெருந்தொகையினர் கால்நடையாகச் சென்றவர்கள். அவர்களைக் கொல்வன பெரும்பாலும் பஸ், லொறி, மோட்டார் வண்டி, மோட்டார்ச் சைக்கிள் முதலியனவே. மிதிக்கின்ற சைக்கிள் ஒருவரைக் கொல்வது அரிது. சைக்கிள்காரனும் பாதசாரியைப் போலவே மோட்டாருக்குப் பலியாகிறவன். இதனை மறைத்துச் சைக்கிளை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது.

ஆயினும் அரிது என்பது வேறு, இல்லை என்பது வேறு. கணக்கைச் சிறிது பாருங்கள். ஆறுதலாக நடப்பவர் மணிக்கு நாலரைக் கிலோமீற்றர் செல்வார். சாதாரணமாகச் சைக்கிள் மிதிப்பவர் மணிக்குப் 18 கிலோமீற்றர் செல்வார். வேகம் நான்கு மடங்கு. வேகம் நான்கு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்கன்று. அது வேகத்தின் வர்க்கமாகப் பெருகுவதால் பதினாறு மடங்கு என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகம். வண்டியின் பாரமும் பின்னாற் கட்டிய மூட்டையின் பாரமும் இதற்கு மேலதிகம். மணிக்குப் 18 கிலோமீற்றர் என்றால் விநாடிக்கு 5 மீற்றர். ஆபத்தைக் கண்டு, "பிரேக்" பிடிக்க வேண்டுமென்று மூளை எண்ணிக் கை அசைவதற்குள் ஒரு விநாடி போய்விடும். அதற்குள் வண்டி பதினாறடி தூரம் ஓடிவிடும். கடை வாசலுக்கும் நடைபாதைக்கும் இடையில் ஓரடி இடைவெளியும் இல்லாத நமது தெருக்களிலே, அந்தப் பதினாறடியை எங்கே தேடுவது?

முதுமையை அடைந்தவருக்கு மோதுகை வேண்டியதில்லை. தடுமாறி விழுதலே போதும். நின்ற நிலையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பின் படுக்கையை விட்டு எழும்பாதவர்களை நாம் எல்லோரும் அறிவோம். கண் தெரியாதவரும், காது கேளாதவரும், பிள்ளையைக் கையிற் பிடித்த தாயும் நடைபாதையில் இருக்கிறார்கள். சைக்கிளோ சத்தமின்றி வரும் வண்டி. மணி இருக்கிறதே என்பீர்கள். நடைபாதையில் மணியடிப்பது என்றால் என்ன பொருள்? வீட்டுக்காரரைப் பார்த்து, "விலகு, நான் உள்ளே வருகிறேன்" என்று விருந்தாளி சொல்வது போன்றதன்றோ அது?

இந்த வழக்கு நம்முடையது மாத்திரமன்று. இங்கிலாந்திலே 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், தெருவோர நடைபாதையிற் குதிரையேறிச் செல்வதையும் வண்டியோட்டுவதையும் குற்றமாக்கியது. பின்னாளிற் சைக்கிள் பிறந்தபோது அது வண்டியா, அன்றா என்று ஐயம் எழுந்தது. 1879இல் நீதிமன்றம் ஒரு வழக்கில் அது வண்டியே என்றது. 1888இற் பாராளுமன்றமும் அதனைச் சட்டமாக்கியது. நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் கழித்து, 1999இல், நடைபாதையிற் சைக்கிளோட்டுவோரிடம் உடனடித் தண்டப்பணம் அறவிடும் முறை அங்கே வந்தது. அப்போது உள்நாட்டமைச்சைச் சேர்ந்த அமைச்சர் பால் போட்டெங் ஒரு விளக்கம் கொடுத்தார். வாகனங்களுக்கு அஞ்சி நடைபாதையில் ஏறி, அங்கே பிறரை மதித்துச் செல்பவரை இச்சட்டம் குறிவைப்பதன்று என்பதே அதன் சாரம். சட்டத்தைக் கையில் வைத்திருந்தவருக்கும், அஞ்சி ஏறியவனுடைய அச்சம் தெரிந்திருந்தது.

யப்பானியர் வேறு வழியிற் சென்றார்கள். 1970ஆம் ஆண்டில் அந்நாட்டு வீதிகளில் 16,765 பேர் மாண்டனர். அவ்வாண்டே சட்டத்தைத் திருத்தி, குறிக்கப்பட்ட நடைபாதைகளிற் சைக்கிள் செல்வதற்கு இடங்கொடுத்தனர். சைக்கிள்காரருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. நடப்பவரோ நிம்மதியை இழந்தனர். 2008இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் எழுபது வயதைக் கடந்தவருக்கும் வேறு சிலருக்கும் விலக்களித்தது. 2011இல் அந்நாட்டுப் பொலிசார், சைக்கிளும் ஒரு வாகனமே, அதன் இடம் வீதியே என்பதை மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது. அங்கே கோபே நகரத்திலே, 2008ஆம் ஆண்டு, பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் குடிமனைத் தெருவொன்றின் சரிவில் வேகமாக இறங்கி, நடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணியை மோதினான். அவருக்குச் சுயநினைவு மீளவில்லை. 2013இல் நீதிமன்றம், பிள்ளையைத் தக்கவாறு வழிநடத்தவில்லை என்று கண்டு, தாயார் ஏறக்குறைய ஒன்பதரைக் கோடி யென் நட்டஈடு செலுத்த வேண்டுமென்று தீர்த்தது. அது நடைபாதையில் நிகழ்ந்ததன்று. ஆனால் மோட்டார் இல்லாத வண்டி என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் அதனை நினைவில் வைத்தல் நலம்.

இனி ஒல்லாந்து. நமக்கு ஒல்லாந்தர் அந்நியர் அல்லர். நம் அயலிலே வுல்பெண்டால் மேட்டில் 1757இல் அவர்கள் திறந்துவைத்த தேவாலயம் இன்றும் நிற்கிறது. சைக்கிளுக்குப் பேர்பெற்ற அந்நாட்டிலும் மோட்டார் பெருகியபோது, 1971ஆம் ஆண்டில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதிகளில் இறந்தனர். அவர்களில் நானூறுக்கு மேற்பட்டோர் பிள்ளைகள். பெற்றோரும் பொதுமக்களும் தெருவிலிறங்கிக் கிளர்ச்சி செய்தனர். அதன்பின் அவர்கள் சைக்கிளை நடைபாதைக்குத் தள்ளவில்லை. மோட்டாரிடமிருந்து இடம் பெற்றுச் சைக்கிளுக்குத் தனிப்பாதை அமைத்தார்கள். குடிமனைத் தெருக்களில் மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார்கள். இந்த மூன்று நாட்டுக் கதையிலும் நான் கண்ட பாடம் ஒன்றே: சைக்கிள்காரனுடைய பயத்துக்கு மருந்து வீதியிலே இருக்கிறது, நடைபாதையில் இல்லை.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். 1899 முதல் 1960 வரை கொழும்பிலே டிராம் ஓடியது. இங்குள்ள முதியோர் சிலருக்கு அது நினைவிருக்கலாம். மாட்டுவண்டியும் ரிக்ஷாவும் சைக்கிளும் மோட்டாரின் வேகமின்றிச் சென்ற தெருக்கள் இவை. வேகம் ஒத்திருந்தால் இடத்தைப் பகிர்வது எளிது. இன்று அதே அகலத் தெருவில் லொறியும் முச்சக்கர வண்டியும் வானும் நெருக்குகின்றன. 2022ஆம் ஆண்டு யூன், யூலை மாதங்களில் எரிபொருள் இன்றி நாடு தவித்தபோது, உத்தியோகத்தர் முதல் மாணவர் வரை சைக்கிளில் ஏறினர். அதற்கு முன்னரே, 1990ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் எரிபொருள் தடைக்கு நடுவே சைக்கிளை நம்பியே வாழ்ந்தனர். ஏழைக்கும் எளியோருக்கும் இடர்காலத்திற் கைகொடுக்கும் இந்த வண்டியை நான் ஒருபோதும் பழிக்கமாட்டேன்.

நடைபாதையின் நிலையோ பரிதாபம். வெள்ளவத்தையிற் காலி வீதியானாலும், புறக்கோட்டையிற் பிரதான வீதியானாலும், கடைச் சாமான்கள் ஒரு பக்கம், நிறுத்திவைத்த மோட்டார்ச் சைக்கிள்கள் ஒரு பக்கம், எஞ்சிய இரண்டடியில் மனிதர். வீதி நெருக்கடியில் அந்த இரண்டடியிலும் மோட்டார்ச் சைக்கிள் ஏறிவருகிறது. வீடு வீடாக உணவு கொண்டுசெல்லும் தம்பிமாரைக் கடிந்து என்ன பயன்? நிமிடக் கணக்கிற் கூலி பெறுகிறவனுக்குக் குறுக்குவழியே வழியாகத் தோன்றும். நானும் அவர்களைப் போல ஒருவனாக இருந்தேன்.

ஆகவே நான் சொல்ல விரும்புவது இதுதான். பெரிய வண்டிக்கு அஞ்சிச் சிறிய வண்டி நடைபாதையில் ஏறும்போது, அச்சம் அழிவதில்லை; அது கைமாறுகிறது. லொறி எனக்குக் கொடுத்த பயத்தை நான் ஆச்சிக்குக் கொடுத்தேன். அதைக் கொடுப்பதற்கு ஆச்சிக்குக் கீழே ஒருவரும் இல்லை. ஆதலால் அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். நமக்கு மேலுள்ளவர் தரும் துன்பத்தை நமக்குக் கீழுள்ளவருக்கு இறக்கிவிடுவது வீதியில் மாத்திரமா நடக்கிறது? வீட்டிலும் தொழிலிலும் நாம் எத்தனை முறை அதனைச் செய்கிறோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப்பார்க்கலாம்.

என்ன செய்யலாம்? வாலிபர்களே, முதலாவது காரியத்துக்குப் பணமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். வீதியில் ஆபத்து என்று கண்டால் நடைபாதையில் ஏறுங்கள். ஆனால் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு செல்லுங்கள். இறங்கிய கணமே நீங்களும் பாதசாரி. ஐம்பது யார் தூரம் தள்ளுவதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. சின்னஞ்சிறு பிள்ளைகள் பெற்றோர் உடன் நடக்கச் சிறு சைக்கிள் ஓட்டுவதை நான் இதிற் சேர்க்கவில்லை. அவர்களை வீதிக்கு அனுப்பச் சொல்வது பாவம்.

இரண்டாவது காரியம் பெரியோர்களுக்கு. கடை வைத்திருப்போர் நடைபாதையில் அடுக்கிய பெட்டிகளை உள்ளே எடுத்தால், நடப்பவர் வீதியில் இறங்க வேண்டியதில்லை. மூன்றாவது, நம் எல்லோருக்கும் பொதுவானது. அகன்ற வீதிகளிற் சைக்கிளுக்குத் தனி இடமும், கோவிலும் பள்ளிக்கூடமும் உள்ள ஒடுங்கிய தெருக்களில் மோட்டாருக்கு வேகக் கட்டுப்பாடும் வேண்டுமென்று மாநகர சபைக்கு நாம் விண்ணப்பிக்க வேண்டும். "நடைபாதையில் ஓட்டாதே" என்று இளைஞனிடம் சொல்லிவிட்டு, "வேறெங்கே ஓட்டுவது?" என்ற அவன் கேள்விக்கு மறுமொழி தேடாதிருப்பது பெரியோருக்கு அழகன்று.

அந்த ஆச்சி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ சின்னப்பிள்ளை, போ" என்று சிரித்தார். ஆனால் அவரை மீண்டும் தெருவிலே தனியாக நடக்கவைக்க என்னால் இயலவில்லை. சில கடன்களை வாங்கியவரிடம் தீர்க்க முடிவதில்லை. வேறு யாரிடமாவதுதான் தீர்க்க வேண்டும். நாளைக்கு ஜிந்துப்பிட்டித் தெருவில் உங்களில் ஒருவர் சைக்கிளை விட்டிறங்கி, ஒரு முதியவருக்கு வழிவிட்டு நிற்பாரானால், என் கடனில் ஒரு பகுதி தீர்ந்ததென்று கொள்வேன்.