கண்ணுள் நுழையும் கத்தி
(பத்தாம் ஆண்டு நிறைவு விழா உரை)



மகளிர் கண்ணை வேலென்றும் வாளென்றும் அம்பென்றும் பாடுவது தமிழ்ப் புலவர்க்குத் தொன்றுதொட்டு வந்த வழக்கு. அந்தக் கண்ணுக்குள்ளேயே ஒரு வேல் செல்லவேண்டிய நிலையும் மனித வாழ்வில் உண்டு. முதுமையில் கண்ணின் வில்லை தெளிவிழந்து வெளுத்துப்போவதைக் கண்புரை என்பர். அதனைக் கரைக்கும் மருந்து இன்றளவும் இல்லை. கத்தி ஒன்றே வழி. கண் மருத்துவர் கையாளும் கெரட்டோம் என்னும் கத்தியின் முனையைக் கண்டோர்க்கு முருகன் கோயில் வேல் நினைவுக்கு வரும். அதே இலை வடிவம்; இருபுறமும் கூர்; நுனியில் ஒரே புள்ளி. அகலம் மட்டும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்.

இத்துணைச் சிறிய கத்திக்கு அத்துணை பெரிய கவலை ஏன்? கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உடையது. அதன் பின்னே உள்ள முன்னறையில் கால் மில்லிலிட்டர் அளவு நீர் நிற்கிறது. கத்தி நுழைந்த கணத்தில் அந்நீர் வெளியேறினால் அறை சுருங்கிவிடும். பின்னாலிருக்கும் ஐரிஸ் என்னும் திரை முன்னே வந்து கத்தியின் கூர்மேல் விழும். வெட்டவேண்டியதை வெட்டும்வரை, தான் திறந்த வாயிலைக் கத்தி தானே அடைத்துக்கொண்டு நிற்கவேண்டும். கண் கத்திகளின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கால் மில்லிலிட்டர் நீரைச் சிந்தாமல் காத்த வரலாறே ஆகும்.

பழங்காலத்தில் கத்தி இல்லை, ஊசியே இருந்தது. சுசுருதர் நூலின் உத்தர தந்திரம் கூறும் சலாகையின் நுனி வாற்கோதுமை மணி போன்றது. வெண்விழியின் வழியே அதனைச் செலுத்தி, வெளுத்த வில்லையைப் பார்வைப் பாதையிலிருந்து தள்ளிவிடுவர். திரை விலகியதும் ஒளி தெரியும். நோயாளி கைவிரல்களை எண்ணிக் காட்டுவார். ஆனால் தள்ளப்பட்ட வில்லை கண்ணுக்குள்ளேயே கிடக்கும். பல கண்கள் சில நாட்களில் அழற்சி கண்டு அடியோடு கெட்டன. இசை மேதை பாக் 1750-ஆம் ஆண்டில் லைப்சிக் நகரில் ஜான் டெய்லர் என்னும் ஊர்சுற்றிக் கண் மருத்துவரிடம் இருமுறை இவ்வகை மருத்துவம் செய்துகொண்டார். பார்வை திரும்பவில்லை, அவ்வாண்டு ஜூலையில் அவர் மறைந்தார். எட்டாண்டுகள் கழித்து ஹான்டெலும் அதே மருத்துவரிடம் கண்ணைக் கொடுத்துப் பயனின்றிப் போனார். டெய்லருக்கு விளம்பரம் செய்துகொள்ளும் கலை கைவந்திருந்தது என்று மட்டும் சொல்லி அப்பால் செல்லலாம்.

பாக்கின் கண்ணில் ஊசி நுழைவதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1747-இல், பாரிசில் வேறொரு வழி திறந்திருந்தது. ழாக் தவியேல் என்னும் மருத்துவர், ஊசியால் வில்லையைத் தள்ள முயன்று இயலாதபோது, கருவிழியின் கீழ்ப்புறத்தைத் திறந்து வில்லையை வெளியே எடுத்துவிட்டார். அவருடைய கட்டுரை அச்சில் வந்தது 1753-இல். அவர் முதலில் முக்கோண முனைக் கத்தியால் குத்துவார். பிறகு குறுகிய வேறொரு கத்தியால் வாயிலை அகட்டுவார். அதன்பின் வளைந்த கத்தரிக்கோல்களை இடமும் வலமும் செலுத்தி வெட்டுவார். கருவிழியை மெல்லத் தூக்கிப் பிடிக்கப் பொன்னாலான ஒரு சிறு கரண்டி. இத்தனை கருவிகளும் மாறி மாறிச் செல்லும்வரை நோயாளி மரப்பு மருந்தின்றி விழித்திருந்தார் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

வியன்னாவின் கியோர்க் யோசப் பேர் (1763–1821) அத்தனை கருவிகளையும் ஒரே கத்தியாகக் குறைத்தார். நுனியிலிருந்து அடிநோக்கி விரிந்துசெல்லும் ஆப்பு வடிவக் கத்தி அது. முன்னே தள்ளத் தள்ள வெட்டும் பெரிதாகும். பெரிதான வெட்டைக் கத்தியின் அகன்ற பகுதியே அடைத்துக்கொள்ளும். நீரைச் சிந்தவிடாத சூழ்ச்சி இதுவே. எனினும் அது திறந்த மடல் போன்ற பெரும்புண் எளிதில் ஆறவில்லை. சீழ் பிடித்துக் கெட்ட கண்கள் மிகுதி.

பெர்லினின் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே 1860-களில் இதற்கு விடை கண்டார். அவர் அமைத்த கத்தி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலமே உடையது, நீண்டு மெலிந்தது. கருவிழியும் வெண்விழியும் கூடும் ஓரத்தில் ஒரு பக்கம் நுழைந்து, முன்னறையைக் குறுக்கே கடந்து, மறுபக்கம் வெளிப்பட்டு, பின்னர் வாளால் அறுப்பதுபோல் மேல்நோக்கி அறுத்து வெளிவரும். புண்ணின் விளிம்புகள் நேராகப் பொருந்தியமையால் கண் கெடுவது பெரிதும் குறைந்தது. கிரேஃபே 1870-இல், 42 வயதில், காசநோயால் இறந்தார். அவர் பெயர் தாங்கிய கத்தி அவருக்குப் பின்னும் நூறாண்டு காலம் உலகெங்கும் கண்களைத் திறந்தது.

அக்கத்தியின் கூரைச் சோதித்த முறை சுவையானது. சிறு வளையத்தின்மேல் மெல்லிய ஆட்டுக்குட்டித் தோலைப் பறைபோல் இழுத்துக் கட்டியிருப்பர். கத்தியின் நுனியை அதன்மேல் வைத்தால், கை அழுத்தாமலே, ஒலியெழாமலே, அது தோலைக் கடந்து செல்லவேண்டும். சிறு ஒலி எழுந்தாலும் அக்கத்தி சாணைக்குத் திரும்பும். பிடிகள் முதலில் தந்தத்தால் ஆனவை. கிருமிகளை அழிக்கக் கொதிக்கவைக்கும் வழக்கம் வந்தபின் அவை உலோகமாயின. கொதிநீரோ கூரை மழுக்கும். கிருமிக்கு அஞ்சுவதா, மழுங்கலுக்கு அஞ்சுவதா என்ற இக்கட்டில் பலர் கத்தியைச் சாராயத்தில் அமிழ்த்தி வைத்தனர்.

1884-இல் கார்ல் கொல்லர் கோக்கெயின் துளிகளால் கண்ணை மரக்கச் செய்யலாம் எனக் காட்டினார். விரைவு ஒன்றே இரக்கம் என்றிருந்த காலம் அத்துடன் முடிந்தது; நிதானமாக வெட்டும் காலம் பிறந்தது.

தமிழ்நாட்டுத் தொடர்பும் புதிதன்று. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் கண் மருத்துவத்தில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். அவர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும், நோயுற்ற கண்களின் வண்ண ஓவியங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. அரண்மனைகளில் போர்வாள்களைத் தேடிச் செல்வோர் இவ்வேடுகளையும் ஒருமுறை பார்ப்பது நலம்.

வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமியின் கைகள் தனியே பேசத்தக்கவை. மகப்பேற்று மருத்துவராக எண்ணியிருந்தவரை, முப்பது வயதளவில் முடக்குவாதம் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணின, அக்கோணல் இறுதிவரை நிமிரவில்லை. பேனாவைப் பிடிக்கவே மீண்டும் பழகவேண்டியிருந்தவர் கண் மருத்துவத்தைத் தேர்ந்தார். கோணிய விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பற்றப் பழகினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-இல் மறைவதற்குள் அக்கைகள் செய்த அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

கத்தியின் விலையும் பார்வையைத் தீர்மானிப்பதுண்டு. வைரக் கத்தி மிகக் கூரியது, நெடுநாள் மழுங்காதது. ஆயினும் இடுக்கியில் ஒருமுறை இடித்தால் விளிம்பு உடையும், விலையோ மிகுதி. ஏழை நாடுகளின் மருத்துவர்கள் முகம் மழிக்கும் பிளேடை அதற்கெனவுள்ள பிடியால் ஒடித்து, அந்தச் சில்லையே கத்தியாக்கினர். வில்லையின் மெல்லிய உறையைக் கிழிக்கவோ, சாதாரண ஊசிமருந்து ஊசியின் நுனியை மேசையிலேயே வளைத்துக்கொண்டால் போதும். 1992-இல் மதுரையில் தோன்றிய ஆரோலேப் நிறுவனம் கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லைகளை மலிவாகச் செய்தது. பின்னர் தையல் நூலும் கத்தியும் செய்யலாயிற்று.

இன்று பெரிய வெட்டு அருகிவிட்டது. பிறைக்கத்தி எனத்தக்க வளைந்த கத்தியால் வெண்விழியின் கனத்துக்குள்ளேயே ஒரு சுரங்கம் குடைகின்றனர். உட்புறத்து அழுத்தமே அதன் வாயிலை மூடிவிடுவதால் தையல் தேவைப்படுவதில்லை. கத்தி மிக மேலே சென்றால் மேற்கூரை பொத்தலாகும். மிக ஆழ்ந்தால் உரிய இடத்துக்கு முன்பே அறைக்குள் இறங்கிவிடும். பயிலும் இளம் மருத்துவர்கள் இதனை முதலில் கற்பது இறைச்சிக் கடையிலிருந்து வரும் ஆட்டுக் கண்ணில். படலத்தினூடே மங்கலாகத் தெரியும் எஃகின் நிழலைப் பார்த்து ஆழத்தை அறிந்துகொள்ளும்வரை, மனிதக் கண்ணின் அருகே அவர்கள் கை செல்ல விடப்படுவதில்லை.