படமும் பாட்டும் ஒரே சில்லில்

நுவரெலியா நகருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் பிதுருதலாகல மலை 2,524 மீற்றர் உயரமுடையது. இலங்கையின் மலைகளுள் அதுவே தலையாயது. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ரூபவாஹினி தன் சேவையைத் தொடங்கியபொழுது, அம்மலையுச்சிக் கோபுரத்திலிருந்து படமும் ஒலியும் நாடெங்கும் பரவலாயின. ஆயின், மலையடிவாரத்துத் தோட்ட லயங்களிலோ மின்சாரம் எட்டாத வீடுகள் அன்று பல. பற்றரியில் பாடும் வானொலியே அங்கு உற்ற துணையாய் இருந்தது.

அதே காலத்தில் மேலை நாடுகளில், வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாகவும் ஒலிபெருக்கியாகவும் கொண்டு இயங்கும் சிறு கணனிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றுள் ஒன்று கொமடோர் நிறுவனத்தின் விக்-20. அதன் உயிர்நிலையாய் விளங்கியது விக் என்னும் ஒரு சில்லு. அதை எம்.ஓ.எஸ். டெக்னாலஜி நிறுவனத்தில் 1977இல் வடிவமைத்தவர் அல் சார்ப்பென்டியர். பிறருக்கு விற்கக் கருதிச் செய்த அச்சில்லை வாங்குவார் இல்லை. வாங்குவாரற்ற அப்பொருளைக் கொண்டே கொமடோர் நிறுவனம் கணனி ஒன்றைச் சமைத்து, அமெரிக்காவில் 300 டொலருக்குள் விற்றது. பத்து இலட்சம் விற்பனையை முதன்முதல் எட்டிய கணனி அதுவே.

விலை குறைந்தமைக்கு ஒரு காரணம், இரு வேலைகளை ஒரு சில்லே செய்தமையாகும். மலையகத்துக் காமன் கூத்தில் ஆட்டமும் தப்பொலியும் ஒரே தாளத்துக்குக் கட்டுப்படுதல்போல, திரையில் புள்ளியிடும் வேலையும் சுரம் எழுப்பும் வேலையும் ஒரே மின்துடிப்புக்குக் கட்டுப்பட்டன. மூன்று குரல்கள், ஓர் இரைச்சல், பதினாறு நிறங்கள் ஆகியவை அச்சில்லின் செல்வம். நாட்டுக்கு நாடு தொலைக்காட்சி முறை வேறுபட்டமையால் துடிப்பின் வேகமும் வேறுபட்டது. ஆகவே ஒரே பாட்டு அமெரிக்காவில் ஒரு சுருதியிலும் ஐரோப்பாவில் சற்று உயர்ந்த சுருதியிலும் ஒலித்தது.

எண்களைத் தாங்கும் அறைகள் அச்சில்லில் 16 இருந்தன. அவற்றுள் 36878 என்னும் இலக்கமுடைய அறையில் ஒரு பாதி ஒலியின் அளவுக்கும், மறுபாதி ஒரு துணை நிறத்துக்கும் உரியன. முதுகோடு முதுகு சேர்ந்த இரட்டை லயத்தில் ஒரு வீட்டுச் சந்தடி மறுவீட்டுக்குக் கேட்பதுபோல, ஒலியை மட்டும் கூட்ட எண்ணி எண்ணை மாற்றியவர், பல்வண்ணப் படத்தில் நிறமும் மாறக் கண்டு திகைப்பதுண்டு. சிக்கனத்துக்கு இவ்வாறு ஒரு விலை உண்டு. 1982இல் வந்த கொமடோர் 64 இல் படத்துக்கு ஒன்றும் ஒலிக்கு ஒன்றுமாகச் சில்லுகள் பிரிக்கப்பட்டன, இரண்டும் சிறந்தன.

இன்று அட்டன் நகரக் கடையில் விற்கும் கைத்தொலைபேசியிலும் படம், பாட்டு, கணக்கு ஆகியவற்றை ஒரு சில்லே பெரும்பாலும் சுமக்கிறது. எனினும் அதன் அறைகள் பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கொய்தவர்கள், அத்தேயிலை எங்கே எவ்வாறு விலை மதிக்கப்படுகிறது என்பதைக் காணாமலே உழைத்தார்கள். அவர்தம் பேரப்பிள்ளைகள், உள்ளியக்கம் அறியாது கருவியைத் தடவுவோராய் மட்டும் நின்றுவிடலாகாது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. விக்-20 கணனியை அப்படியே போலச் செய்யும் இலவச மென்பொருள்கள் உள. தோட்டப் பாடசாலையின் சாதாரணக் கணனியிலும் அவை இயங்கும். மாணவி ஒருத்தி 36878ஆம் அறையில் 15 என்றும், 36876ஆம் அறையில் 225 என்றும் எண்களை இடட்டும். உடனே ஒரு சுரம் எழும். ஓர் எண்ணை மாற்றினால் சுரமும் மாறும். கணனி மந்திரப் பெட்டியன்று, சொன்னதைச் செய்யும் பொருளே என்பதை அவள் அக்கணமே தன் செவியால் அறிவாள். கணனிக் கல்வியைத் தொடங்குதற்கு அதனினும் நல்ல இடம் வேறில்லை.